ஆள் கணக்கில் பாஸ்போர்ட் தேதியும் வேண்டும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடம் எதுவானாலும், அது மருத்துவமனையோ சாஃப்ட்வேர் கம்பெனியோ வெல்டிங் யார்டோ, ஏப்ரலில் ஒரு எக்செல் தாள் தயாராகும். பெயர், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், இந்த வருடம் இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று கட்டங்கள் இருக்கும். ஆகஸ்ட் வருவதற்குள் அந்தத் தாள் பாதி பொய்யாகிவிடும். நாலு பேருக்கு விசா வந்திருக்கும், ரெண்டு பேர் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருப்பார்கள், கிளையன்ட் ஒருவர் "உங்கள் ஆள் ஒருவரை ஆறு மாதம் இங்கே அனுப்புங்கள்" என்று கேட்டிருப்பார். உடனே எச்.ஆர். அறையில் ஓட்டம் தொடங்கும்.

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டுப் பயணத்தை எதிர்பாராத சம்பவம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மழை வரும் என்று தெரிந்த ஊரில் குடை வாங்காமல் இருந்துவிட்டு நனைந்ததற்கு வருத்தப்படுவது போலத்தான் அது. போவதற்கும் வருவதற்கும் தேதிகள் உண்டு, அறிகுறிகள் உண்டு. அவற்றைத் தாளில் ஏற்றினால் கணக்கு ஓரளவு நிற்கும்.

முதலில் சேர்க்க வேண்டிய கட்டங்கள். பாஸ்போர்ட் முடியும் தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், இசிஆர் (வேலைக்குச் சில நாடுகளுக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) உண்டா இல்லையா, சான்றிதழ்கள் அட்டஸ்டேஷனில், அதாவது உண்மைதான் என்று அரசு முத்திரை வாங்குவதில், எந்தப் படியில் நிற்கின்றன, இந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள். ஐந்து கட்டம் போதும்.

பாஸ்போர்ட் விஷயத்தில் "ஆறு மாதம் பாக்கி இருந்தால் போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். விமானம் ஏற அது போதும். ரெண்டு வருட வேலைக்கு அனுப்பும் ஆளுக்கு ரெண்டரை வருடமாவது பாக்கி இருக்கட்டும். போன இடத்தில் பாஸ்போர்ட் புதுப்பித்து, பிறகு அங்குள்ள அடையாள அட்டையிலும் எண்ணை மாற்றி அலைவதைவிட இங்கேயே முடித்துவிடுவது நல்லது.

பெயர்தான் நம்மவர்களைப் படுத்தும் இடம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் வரும், டிகிரியில் அந்த முதலெழுத்தே கடைசிக்குப் போயிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். ரியாத்தில் இருக்கும் சரிபார்ப்பு அலுவலருக்குத் தெரியாது. இன்னொன்று, சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்த பாஸ்போர்ட். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவோடு வருபவர்களை அமீரகம் உள்ளே விடுவதில்லை. இன்டர்வியூவுக்கு, டெஸ்டுக்கு என்று விசிட்டில் போக நினைப்பவர் திருவனந்தபுரம் விமான நிலையக் கவுன்டரிலிருந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வேலைக்குச் சேரும் நாளிலேயே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து மாறியிருந்தால் அன்றைக்கே திருத்தத்துக்கு அனுப்புங்கள். செலவு கொஞ்சம்தான். விசா கையில் வந்த பிறகு அதையே செய்தால் வேலையே போய்விடும்.

இசிஆர் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பத்தாவது பாஸ் செய்தவருக்கு இசிஆர் கிடையாது என்பது உண்மை. ஆனால் பாஸ்போர்ட் எடுத்தபோது அந்தச் சான்றிதழை வைக்காதவருக்கு இசிஆர் என்றே அச்சாகி வந்திருக்கும். பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யாதவரை, சட்டத்தின் கண்ணில் அவர் இசிஆர்தான். சவுதி, அமீரகம், ஓமன், குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்கு மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். செவிலியர்களுக்கு 2015-லிருந்து தனி விதி: இசிஆர் இல்லாவிட்டாலும் அந்த 18 நாடுகளுக்குக் கிளியரன்ஸ் கட்டாயம். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவருக்கு எதற்கு கிளியரன்ஸ் என்று கேட்டுக்கொண்டே கடைசி வாரத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

அட்டஸ்டேஷனில் நாட்டைப் பார்த்துப் பாதை மாறும். அப்போஸ்டில் என்பது ஒப்பந்த நாடுகள் தூதரக முத்திரை கேட்காமல் ஏற்கும் ஒற்றை முத்திரை. இந்தியா 2005-லிருந்து அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், 2022 இறுதியிலிருந்து சவுதி ஆகியவையும் அதில் உண்டு. அமீரகம் இல்லை. அங்கே போகும் டிகிரி மாநில அளவில் சரிபார்த்து, வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை வாங்கி, பிறகு தூதரகம் ஏறி இறங்க வேண்டும். ஜெர்மனியோ, இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. அது தன் வழியில் சரிபார்க்கும். துபாய் வேலைக்கு அப்போஸ்டில் போட்டுக் கொண்டுவந்து, பணமும் மூன்று வாரமும் போன பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது இங்கே அடிக்கடி நடக்கிற கூத்து. ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு" என்பதல்ல, "எந்த நாட்டுக்கு, எந்த முத்திரை" என்பது.

இந்த வேலைகளில் எவை ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும், எவை சேர்ந்து நடக்கலாம் என்று பிரித்துக்கொண்டால் பல வாரம் மிச்சமாகும். அட்டஸ்டேஷன், பெயர்த் திருத்தம், மொழி வகுப்பு மூன்றையும் ஆஃபர் வருவதற்கு முன்பே தொடங்கலாம். அவை சீக்கிரம் காலாவதியாவதில்லை. மெடிக்கலும் பிசிசி எனப்படும் போலீஸ் சான்றும் அப்படியல்ல. ரெண்டும் கொஞ்ச காலத்துக்குத்தான் செல்லும். முந்திக்கொண்டு எடுத்தால் விசா வரும்போது காலாவதியாகி, ரெண்டாம் முறை காசு கட்ட வேண்டிவரும். அமீரக வேலைக்கான என்ட்ரி பர்மிட்டுக்கு 60 நாள்தான் ஆயுள். அதற்குள் போய் இறங்க வேண்டும். அதனால் பர்மிட் விண்ணப்பம் போகும் நாளும் ஆளின் நோட்டீஸ் பீரியட் முடியும் நாளும் ஒத்துவர வேண்டும். 90 நாள் நோட்டீஸ் உள்ளவருக்கு முதல் வாரத்திலேயே பர்மிட் எடுத்துவிட்டால் கதை கந்தல்.

எத்தனை வாரம் பிடிக்கும் என்று கேட்டால் ஒரே எண் எழுதாதீர்கள். எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை, ஒரு திருத்தம் வந்தால் எத்தனை என்று ரெண்டு எண் எழுதுங்கள். வெல்டர், ஃபிட்டர் ஒருவர் வளைகுடாவுக்கு ஆஃபரிலிருந்து விமானம் வரை 8 வாரம், இடறினால் 14. வளைகுடா செவிலியருக்கு 4 மாதம், இடறினால் 8. ஜெர்மனி செவிலியருக்கு பி-2 வரை மொழி படிக்க வேண்டியிருப்பதால் ஒரு வருடத்துக்குக் கீழே எழுதவே வேண்டாம். திட்டத்தில் போட இந்த அளவு போதும், ஒவ்வொரு ஆளும் போய்ச் சேரும்போது நிஜ எண்ணை எழுதி அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம்.

மருத்துவமனைகளுக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் ஆள் கணக்கு மிகவும் அடிபடுவது அங்கேதான்.

வளைகுடா வேலைகள் பலவும் ரெண்டு வருட அனுபவம் கேட்கின்றன. ஆகவே செவிலியர் விலகுவது சீராக இருக்காது. முதல் வருடம் அனேகமாக யாரும் அசையமாட்டார்கள், ரெண்டாம் வருடம் முடியும் தறுவாயில் கொத்தாகக் கிளம்புவார்கள். சராசரி விலகல் விகிதம் என்று ஒரு சதவீதத்தை எடுத்துப் பன்னிரண்டால் வகுத்து வைத்திருக்கும் மருத்துவமனை இதைப் பார்க்கவே முடியாது. சேர்ந்த மாதம் வாரியாகப் பட்டியலிட்டு, இந்த வருடம் ரெண்டு வருடத்தைத் தொடுகிறவர்கள் யார் என்று எண்ண வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு. 80 செவிலியர் வேண்டிய இடம். இந்த வருடம் ரெண்டு வருடம் நிறைவு செய்கிறவர்கள் 30 பேர். கடந்த வருடங்களில் அந்தக் கட்டத்தில் பாதிப் பேர் போயிருந்தால் 15. திருமணம், அரசு வேலை, ஊர் மாற்றம் என்று வேறு காரணங்களில் 6. ஆக 21 பேர். புதிதாக வருபவர் ஐசியு, டயாலிசிஸ் போன்ற இடங்களில் தனியாக ஷிஃப்ட் பார்க்க 3 மாதம் ஆகிறது என்றால் 21-ஐ 3-ஆல் பெருக்க 63 ஆள்-மாதம். அதை 12-ஆல் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேல். அதாவது 80 பேர் வேலைக்கு வருடம் முழுக்க 85 பேர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த ஐந்து பேர் சம்பளம் வீண் என்று நிதிப் பிரிவு முகம் சுளிக்கும். ஓவர்டைம், ஏஜென்சி ஆட்கள், மூடி வைத்த படுக்கைகள் மூன்றின் செலவையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பேச்சு அடங்கும்.

அறிகுறிகள் முன்கூட்டியே வரும். அனுபவச் சான்று கேட்டு வரும் விண்ணப்பம் முதல் மணி. நர்சிங் கவுன்சிலிலிருந்து குட் ஸ்டாண்டிங் சான்று (பதிவு சரியாக இருக்கிறது, புகார் இல்லை என்பது) வாங்க லீவு கேட்பது ரெண்டாவது. வளைகுடா நாடுகளுக்காகச் சான்றுகளைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்திடமிருந்து "இவர் உங்களிடம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை பார்த்தாரா" என்று எச்.ஆர். மின்னஞ்சலுக்கு வரும் சரிபார்ப்பு மூன்றாவது. அது வந்துவிட்டால் ஆள் அனேகமாகப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே மாற்று ஆளுக்குத் தொடங்கலாம். சில இடங்களில் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் அமுக்கி வைக்கிறார்கள். ஆளைப் பிடித்து வைக்கிற உபாயமாம். நடப்பது வேறு: பதில் வராததால் அவர் விண்ணப்பம் தாமதமாகும், மனம் கசக்கும், அடுத்த வாய்ப்பில் நோட்டீஸ் கொடுக்காமலே போவார், வார்டில் இருக்கும் மற்ற இருபது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அசல் சான்றிதழ்களை அலமாரியில் பூட்டி வைப்பதும் இதே ரகம். மூன்று நாளில் பதில் போட்டு, அதற்கு ஈடாக 60 நாள் நோட்டீஸும் புதியவருக்கு ஒரு மாதப் பயிற்சியும் கேட்டு வாங்குகிற இடத்தில் ஷிஃப்ட் உடைவதில்லை.

ஏஜென்ட் பணம் பற்றி ஊழியர்களுக்கு ஒரு தாளில் அடித்துக் கொடுப்பது நல்லது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. ரசீது கட்டாயம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது, செவிலியர் ஆள்சேர்ப்பும் செய்கிறது. லட்சங்களைக் கடன் வாங்கிப் போகிறவர் அங்கே போனதும் கடனுக்காகவே வேலை மாறுவார். அனுப்பிய கம்பெனியின் கணக்கும் அதனால் உடையும்.

சாஃப்ட்வேர் பக்கம் வேறு மாதிரி. இங்கே ஆள் போவதைவிட "அனுப்புவது" பிரச்சினை. பிசினஸ் விசாவில் கூட்டத்தில் உட்காரலாம், ஒப்பந்தம் பேசலாம். கிளையன்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினால் அது வேலை. "ரெண்டு வாரம்தானே" என்பது விமான நிலையத்தில் செல்லாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் என்றால் 180 நாளில் 90 நாள் என்ற வரம்பும் உண்டு. மூன்று பேரை மாற்றி மாற்றி அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் தனி நாள்கணக்கு வைக்க வேண்டும்.

அமெரிக்கக் கிளை உள்ள நிறுவனம் எல்-1-ல் (தன் ஊழியரையே அங்குள்ள கிளைக்கு மாற்றும் விசா) ஆள் அனுப்ப, அந்த ஆள் அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் ஒரு வருடம் தொடர்ச்சியாக இங்குள்ள நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். அடுத்த வருடம் அனுப்ப வேண்டிய ஆளை இந்த வருடமே எடுத்திருக்க வேண்டும் என்று பொருள். அமெரிக்க வேலை விசாவான எச்-1பி-க்கு மார்ச்சில் பதிவு, அக்டோபர் 1-ல் வேலை, வருடத்துக்கு 65,000 விசாவும் அமெரிக்க முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000-மும்தான். 2025 செப்டம்பர் உத்தரவுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று வந்ததும், சிறு நிறுவனங்கள் அந்தக் கட்டத்தைத் தாளிலிருந்தே அழித்துவிடலாம்.

ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. பிஎஃப் அமைப்பான இபிஎஃப்ஓ-விடம் கவரேஜ் சான்று (இவருக்கு இந்தியாவிலேயே பிடித்தம் நடக்கிறது என்பது) வாங்கிப் போனால் அங்கே ஓய்வூதியப் பிடித்தம் இல்லை, இங்கே பிஎஃப் தொடரும். சான்று இல்லாமல் போனால் ரெண்டு பக்கமும் பிடிப்பார்கள். ஜெர்மனியில் எல்லாச் சமூகப் பிடித்தங்களும் சேர்ந்து ஊழியரிடம் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் நிறுவனத்திடம் அதே அளவும் ஆகும். சான்றுக்குப் புறப்படும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். போய் மூன்று மாதம் கழித்து ஞாபகம் வந்தால், பிடித்ததைத் திரும்ப வாங்குவதற்குள் ஆளே திரும்பி வந்துவிடுவார்.

வரி நாட்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தால் இங்கே வசிப்பவராகக் கருதப்படுவார். வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்கே வரி. ஏப்ரல் 1 முதல் இங்கேயே இருந்தவர் செப்டம்பர் 28-ல் விமானம் ஏறினால் 181 நாள். 29-ல் ஏறினால் 182. ஒரு நாள் டிக்கெட் வித்தியாசம், துபாய் சம்பளக்காரருக்கு ஆறு மாதச் சம்பளத்தின் வரி. இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 20-ல் போனவர் 173 நாளோடு நிம்மதியாக இருப்பார். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ 15 நாள் லீவில் வந்தால் 188. அவருக்கு மார்ச் 31 வரை மிச்சம் 8 நாள்தான் என்று ஆஃபர் கடிதத்தோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் கேக் வெட்டும்போது வரியும் வெட்டும். எதிர்ப்பக்கம், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாடுகளில் 183 நாளுக்குள் திரும்பினால் அங்கே வரி இல்லை என்பார்கள். அதற்கு நாட்கணக்கு மட்டும் போதாது. சம்பளத்தை அந்நாட்டு நிறுவனமோ கிளையோ ஏற்றிருக்கக் கூடாது. கிளையன்ட் சம்பளத்தைத் தன் கணக்கில் எழுதிவிட்டால் முதல் நாளிலிருந்தே அங்கே வரி வரலாம்.

கடல் தொழிலுக்கு எச்.ஆர். கிடையாது, ஆனால் கணக்கு உண்டு. மாவட்டத்தின் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுத் தடை. சின்னமுட்டம் படகுக்காரருக்கும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுக்காரருக்கும் ஆள் தேடும் மாதம் வேறு. வளைகுடாவுக்கோ ஈரானுக்கோ போகும் ஐந்தாறு பேர் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே வள்ளத்து ஆட்கள். அவர்கள் சேர்ந்து போனால் ஒரு படகு முழுதாக நின்றுவிடும். சம்பளம் அங்கே மீன் பங்கில்தான் என்றால், பங்கு எவ்வளவு குறைந்தாலும் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் மோசமான சீசன் என்றால் பட்டினி. திரும்பி வரும் செலவு யாருடையது என்றும் எழுதியிருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் ஈரானில் சிக்கியவர்களை மீட்க ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பலே போக வேண்டியிருந்தது. 2020 ஜூலை 1 அன்று பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரோடு அது தூத்துக்குடி வந்தது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு ரெண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்து மரணம் அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம். மீன்பிடி வலைக் கயிற்றின் விலை கூட இல்லை.

திரும்பி வருகிறவர்களைத்தான் யாரும் தாளில் எழுதுவதில்லை. சவுதியின் ஜுபைலில் எட்டு வருடம் குழாய் வெல்டிங் செய்தவர் கருங்கல் ஊரில் தன் வீட்டில் இருப்பார். இங்குள்ள யார்டு 6ஜி வெல்டர் (சாய்வாக நிற்கும் குழாயை வெல்ட் செய்யத் தகுதி பெற்றவர்) கிடைக்கவில்லை என்று தூத்துக்குடியிலிருந்து ஆள் கூட்டிவரும். 6ஜி தகுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ-யின் முறைப்படி, அந்த வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் தகுதி போய்விடும், மறுபடி டெஸ்ட் பீஸ் வெல்ட் செய்து காட்ட வேண்டும். அதனால் திரும்பி வந்தவரை ஆறாவது மாதத்துக்குள் பிடிக்க வேண்டும், அவர் கையில் கன்டினியூட்டி லாக் (எப்போதெல்லாம் வெல்ட் செய்தார் என்ற பதிவேடு) இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய கம்பெனியில் அதை வாங்காமல் ஃபைனல் எக்ஸிட் (வேலை முடித்து நாட்டைவிட்டுப் போகும் முத்திரை) அடித்து வந்துவிட்டால் பிறகு கிடைப்பது கடினம். வளைகுடாவில் இருக்கும் பழைய ஊழியருக்கு, ஊருக்கு வரும் மாதத்தை விசாரித்து ஒரு வாட்ஸப் செய்தி போடுவது காசில்லாத வேலை. அமீரக ரெசிடென்சி உள்ளவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாக அது செல்லாமல் போகும். ஆகவே "ஆறு மாதம் பார்க்கிறேன்" என்று சொல்பவர் ஐந்தாவது மாதத்தில் முடிவெடுப்பார். அப்போது உங்கள் ஆஃபர் அவர் கையில் இருக்க வேண்டும்.

தாளை வருடத்தில் நாலு முறை திறந்தால் போதும். பிப்ரவரி முதல் வாரம், எல்-1, எச்-1பி பட்டியலுக்கும் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியவர்களுக்கும். மே கடைசி, நர்சிங் முடித்து வருபவர்களை எடுக்கவும் ரெண்டு வருடக்காரர்களை எண்ணவும். செப்டம்பர் 10 வாக்கில், அந்த 28-ஆம் தேதிக்கு முன்னால் அனுப்ப வேண்டியவர்களுக்கு டிக்கெட் போட. நவம்பர் நடுவில், டிசம்பர் லீவுக்கு ஊர் வருகிறவர்களின் பெயரைத் திரட்ட. இந்தக் கடைசிப் பட்டியலை எச்.ஆர். மட்டும் தயாரிக்க முடியாது, வார்டு சிஸ்டரையும் யார்டு ஃபோர்மேனையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். யார் வீட்டில் யார் எப்போது வருகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.